கவிழ்த்த வாளியின் மேல் ஒருத்தி

சிலைக்குத் தண்ணீர் காட்டுவது அந்த வீட்டில் அக்காவின் வேலை.

களிமண் காய்ந்தால் வெடிக்கும். அதனால் அன்றைய வேலை முடிந்ததும் பழைய துணியை நனைத்து உருவத்தின் மேல் சுற்ற வேண்டும். அதன் மேல் பிளாஸ்டிக் தாளைப் போர்த்திக் கட்ட வேண்டும். லேசான ஈரம் போதும். ஆனால் லேசு என்ற வார்த்தையே அக்காவுக்குத் தெரியாது. ஆஸ்பத்திரி சலவைக் கூடத்தில் பாதி ஆயுளைக் கழித்தவள் அவள். துணி என்றால் சொட்டச் சொட்ட நனைய வேண்டும். அவள் சுற்றிவிட்டுப் போன மறுநாள் மண் கூழாகிக் கிடக்கும்.

"அண்ணி, நான் கேட்டது ஈரம். நீங்க குளிப்பாட்டி வெச்சிருக்கீங்க" என்பாள் மண்ணுக்காரி.

"வெயில் அடிக்கிற அடிக்கு நாமளே ரெண்டு தடவ குளிக்கிறோம். அவ மட்டும் என்ன பாவம் பண்ணினா" என்பாள் அக்கா.

மண்ணுக்காரி என்பது அக்காவின் தம்பி பெண்டாட்டி. சிலை செய்கிறவள். எந்நேரமும் முழங்கை வரை மண்ணோடு திரிவதால் தெருவே வைத்த பெயர். தம்பி அச்சு எடுக்கிறவன். அவள் மண்ணில் பிடித்த உருவத்துக்குப் பிளாஸ்டர் பூசி அச்சு எடுத்து, அச்சுக்குள் சிமென்டும் கல்பொடியும் அடைத்து வார்ப்பது அவன் பாடு. வீட்டின் முன்பக்கம் தகரக் கூரை போட்ட பட்டறை. பின்பக்கம் இரண்டு அறையும் ஒரு சமையலறையும். பட்டறையின் புழுதி சமையலறை வரை வரும். சமையலறையின் புகை பட்டறை வரை வரும். இதில் யாருக்கும் வருத்தம் இருந்ததில்லை.

ஆஸ்பத்திரியில் கிழிந்து கழித்துப் போட்ட படுக்கை விரிப்புகளைக் கேட்டு வாங்கி வருவாள் அக்கா. அவைதான் சிலைக்குச் சுற்றுகிற துணிகள். இந்தத் தடவை செய்துகொண்டிருந்த சிலையும் அதே ஆஸ்பத்திரிக்குத்தான். அங்கே பிரார்த்தனை அறையைப் புதுப்பித்துக் கட்டியிருந்தார்கள். எந்த மதத்துக்காரரும் வந்து உட்காரலாம், எந்தக் கடவுளின் உருவமும் இருக்காது. அதற்குப் பதிலாக, வேண்டிக்கொள்கிற மனித உருவம் ஒன்று இருக்கட்டும் என்று கமிட்டி தீர்மானம் போட்டது. சாமியை விட்டுவிட்டுக் கும்பிடுகிறவருக்குச் சிலை வைக்கிற யோசனை யாருக்கு வந்ததோ, நல்ல யோசனைதான்.

மண்ணுக்காரி முட்டி போட்டுக் கைகூப்பிய ஒருத்தியைப் பிடித்தாள். கலைத்தாள். கண்மூடி நிற்கிற ஒருவனைப் பிடித்தாள். அதையும் கலைத்தாள்.

"எல்லாம் போட்டோவுக்குக் கும்பிடற மாதிரியே வருது" என்று மண்ணைத் தூக்கித் தொட்டியில் எறிந்தாள்.

"பிள்ளையார் பிடிக்கக் குரங்கா வந்தாக்கூட பரவாயில்ல. நீ குரங்குக்கே வரமாட்டேங்கிற" என்றான் தம்பி.

ஒரு மத்தியானம் அக்கா சாப்பாட்டு டப்பாவை மறந்து வைத்துவிட்டுப் போனாள். எடுத்துக்கொண்டு போன மண்ணுக்காரி சலவைக் கூடத்தில் தேடினாள். பிரேயர் ரூமில் இருப்பாள் என்றார்கள். வெள்ளையடித்த அந்த அறைக்குள் எட்டிப் பார்த்தவள் டப்பாவைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டாள்.

அக்கா சலவை வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்திருந்தாள். கால்கள் இரண்டும் அகலமாகத் தரையில் ஊன்றியிருந்தன. ஒரு செருப்பு கழன்று கிடந்தது. ஊறி வெளுத்த உள்ளங்கைகள் முட்டிமேல் விரிந்திருந்தன. தலை நிமிர்ந்து, தாடை முன்னால் வந்து, ஒரு புருவம் மட்டும் மேலே ஏறியிருந்தது. பஸ் ஏன் இன்னும் வரவில்லை என்று டெப்போக்காரரை நிறுத்திவைத்துக் கேட்கிறவளின் முகம் அது.

வாளிக்கு ஒரு கதை உண்டு. அந்த அறையின் நாற்காலிகள் நோயாளிகளைப் பார்க்க வருகிறவர்களுக்கு, ஊழியர்களுக்கு அல்ல என்று ஒரு மேற்பார்வையாளர் ஒருமுறை சொல்லிவிட்டார். "உங்க நாற்காலி உங்களுக்கே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு அக்கா வாளியோடு வந்தாள். வாளி ஊழியர்களுக்கானதுதானே. அதை யாரும் மறுக்க முடியவில்லை.

அந்த நிமிர்ந்த தலைக்கும் ஒரு கதை உண்டு, அது சிரிக்கிற கதை இல்லை. அக்காவுக்கு ஒரே மகள். புருஷன் விட்டுப்போன பிறகு தனியாக வளர்த்த பெண். காலேஜில் சேர்ந்த வருஷம் காய்ச்சல் என்று அதே ஆஸ்பத்திரியில் போய்ப் படுத்தாள், எழுந்திருக்கவில்லை. தம்பி கையெழுத்துப் போட ஆபீஸுக்குப் போயிருந்த நேரத்தில், மகள் படுத்திருந்த விரிப்பு அழுக்குத் துணி வண்டியில் ஏறியது. அக்கா அந்த வண்டியோடு கீழே இறங்கிப் போனாள். விரிப்பைத் தன் கையாலேயே துவைத்து, அலசி, காயப்போட்டாள். பைத்தியம் பிடித்துவிட்டது என்றார்கள். பைத்தியமெல்லாம் இல்லை. மகளுக்குச் செய்வதற்கு அது ஒன்றுதான் மிச்சம் இருந்தது.

அன்றிலிருந்து வேலைக்கு நடுவில் அந்த அறைக்குப் போய் உட்கார்வாள். அழுவதில்லை. வரம் கேட்பதில்லை. ஏன் என்று கேட்பாள். பதில் வராது. மறுநாளும் போவாள்.

மண்ணுக்காரி அன்றைக்கு வீட்டுக்கு வந்த வேகத்தில் மண்ணை உள்ளிருந்து தாங்குகிற கம்பிக்கூடு கட்டினாள். கழுத்துக்கு மட்டும் ஈயக்குழாய் வைத்தாள். ஈயம் கைக்கு வளையும், கடைசி நிமிஷம் வரை தலையைத் திருப்பிப் பார்க்கலாம். வாளி, கால், கழன்ற செருப்பு, கை, நிமிர்ந்த தாடை என்று எல்லாம் கலைக்காமல் வந்துகொண்டே இருந்தன.

"என்னடி இது, என்னைப் பிடிச்சு வெச்சிருக்கே" என்றாள் அக்கா.

"ஏன், வேணாமா அண்ணி?"

அக்கா சுற்றி வந்து பார்த்தாள். "இடுப்பக் கொஞ்சம் குறைச்சிருக்கலாம்" என்றாள். அவ்வளவுதான். அன்றைக்குத் துணியை வழக்கத்தைவிட அதிகமாக நனைத்துச் சுற்றினாள்.

கமிட்டியின் செயலாளர் சிலையைப் பார்க்க வந்தார். நல்ல மனிதர். ஒரு சொல் அதிர்ந்து பேசமாட்டார். கெட்டவர்கள் பண்ணுகிற தொல்லைக்காவது போலீஸ் இருக்கிறது, நல்லவர்கள் பண்ணுகிற தொல்லைக்கு எங்கே போய்ச் சொல்வது. சிலையின் முன்னால் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வெகுநேரம் நின்றார்.

"கை ரொம்ப நல்லா வந்திருக்கு. கால்கூட உயிரோட இருக்கு. ஆனா" என்று நிறுத்தினார். "வர்றவங்க எல்லாம் உடம்பு முடியாதவங்க, அவங்களோட சொந்தக்காரங்க. அவங்களுக்கு அமைதி வேணும். இது என்னன்னா, குழாயடியில சண்டைக்கு உக்காந்த பொம்பளை மாதிரி இருக்கு."

அந்த நேரம் பார்த்து அக்கா டீ கொண்டுவந்தாள். "சக்கரை போதுமான்னு பாருங்க" என்று டம்ளரை நீட்டினாள்.

வாங்கிக்கொண்டு நிமிர்ந்தவர் அக்காவைப் பார்த்தார். மண் முகத்தைப் பார்த்தார். மறுபடி அக்காவைப் பார்த்தார். டீ அவருக்குப் புரையேறியது.

"நீங்க நம்ம லாண்டரியில..."

"ஆமா சார். நானேதான்."

"தப்பா எடுத்துக்காதீங்கம்மா."

"எடுத்துக்கல. சொல்ல வந்ததச் சொல்லுங்க."

"பிரார்த்தனைன்னா சரணடையறது. எல்லாத்தையும் அவர்கிட்ட ஒப்படைச்சிடறது. அப்ப தலை தானா குனியும். கண்ணு தானா மூடும்."

"கண்ண மூடித் தலையைக் குனிஞ்சுக்கிட்டா அவரு என்ன பண்றாருன்னு எப்படி சார் தெரியும்?"

தம்பி அவசரமாகக் குறுக்கே வந்தான். "அக்கா, நீ உள்ள போ."

செயலாளர் கோபப்படவில்லை. மண்ணுக்காரியின் பக்கம் திரும்பினார். தலை மட்டும் குனிந்தால் போதும் என்றார். வாளிக்குப் பதிலாக ஒரு பாறை இருக்கலாம், ஆனால் அதில் பிடிவாதம் இல்லை. தலை விஷயத்தில் மட்டும் கமிட்டி இறங்கி வராது. இல்லையென்றால் கேட்லாக்கில் ஒரு மார்பிள் உருவம் பார்த்து வைத்திருக்கிறார்கள், சிறகு வைத்தது.

"தலை இப்படித்தான் இருக்கும்" என்றாள் மண்ணுக்காரி.

"நிதானமா யோசிச்சுச் சொல்லுங்க. அடுத்த வாரம் வரேன்" என்று டீயைக் குடித்து முடித்துவிட்டே போனார். நல்ல மனிதர் என்றேனே.

அன்று இரவுச் சாப்பாட்டில் ரொட்டியும் பருப்பும் வாய்க்குள் போனதைவிட வார்த்தைகள் வெளியே வந்தது அதிகம்.

"சிறகு வெச்சதாம். அத வாங்கி வெச்சுக்கட்டும். பறந்து போயிடாம பாத்துக்கட்டும்" என்றாள் மண்ணுக்காரி.

"உனக்கென்ன, எடுத்தேன் கவிழ்த்தேன்னு பேசிட்டே. அக்கா அங்கதான் வேலை பாக்குது. நாளைக்கு அவங்க முகத்துல முழிக்கணும்" என்றான் தம்பி.

"நான் யாரு முகத்துலயும் முழிக்கறதில்ல. நான் துணி மூட்டை முகத்துலதான் முழிக்கிறேன்" என்றாள் அக்கா.

"அக்கா, விளையாடாத. தலையைக் கொஞ்சம் இறக்கினா என்ன? கல்யாண போட்டோவுலகூடத்தான் தலையைக் குனின்னு சொல்றான், குனியறோம்."

"நீங்க குனிஞ்சதே அங்கதான் ஆரம்பிச்சுது" என்றாள் மண்ணுக்காரி. அக்கா சிரித்துவிட்டாள். தம்பி சிரிக்கவில்லை. தட்டில் பாதியை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனான். சாப்பாட்டில் கோபம் காட்டுகிற பழக்கம் அவனுக்கு இல்லை. அதனால் அவன் எழுந்தது இரண்டு பேருக்கும் என்னவோ போல் இருந்தது.

அடுத்த வாரம் மண்ணுக்காரி கல்பொடி வாங்க விடியற்காலையிலேயே கிளம்பிப் போனாள். அக்கா காலை ஷிப்ட். பட்டறையில் தம்பி தனியாக இருந்தான்.

அவன் தாளை அவிழ்த்தான், துணியை எடுத்தான். அக்கா ஊற வைத்த மண் வெண்ணெய் மாதிரி இருந்தது. கழுத்தின் முன்பக்கம் கம்பியால் ஒரு கீறு கீறி மண்ணை எடுத்தான். தலையைப் பின்னாலிருந்து பிடித்து அழுத்தினான். ஈயம் வளைந்தது. தாடை நெஞ்சைத் தொட்டது. கண் இமைகளைக் கட்டைவிரலால் இறக்கினான். பிடரியில் பிளந்த இடத்தை மண் வைத்துப் பூசி வழித்தான். அச்சு எடுக்கிறவன்தானே என்று நினைத்துவிட வேண்டாம், மண் வேலையும் அவனுக்குத் தெரியும். பத்து மணிவாக்கில் வந்த செயலாளர் பார்த்துவிட்டு அவன் கையைப் பிடித்துக்கொண்டார். "இதுதான். இதேதான். அச்சு எடுத்துடுங்க" என்று கண் கலங்கச் சொல்லிவிட்டுப் போனார்.

அக்கா ஷிப்ட் முடிந்து வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, முகம்கூடக் கழுவாமல் வாளியில் தண்ணீர் பிடித்தாள். அனல் காற்று அடித்துக்கொண்டிருந்தது. பட்டறைக்குள் போய்த் தாளை அவிழ்த்தாள்.

தம்பி மூலையில் பிளாஸ்டர் மூட்டையைப் பிரித்துக்கொண்டிருந்தவன் நிறுத்திவிட்டான்.

அக்கா சிலையைப் பார்த்தாள். பிறகு குனிந்து, குனிந்திருந்த முகத்துக்குக் கீழே தன் முகத்தைக் கொண்டுபோய்ப் பார்த்தாள்.

"யாருடா இவ?" என்றாள்.

"அக்கா, சொல்றதக் கேளு."

"யாரு இவ? எனக்கு இவளத் தெரியாது."

"ஆஸ்பத்திரிக்காரங்க பாத்துட்டாங்க. பிடிச்சுப் போச்சு. இன்னிக்கே அச்சு எடுத்துடலாம்."

"உம்பொண்டாட்டிக்குத் தெரியுமா?"

"வந்ததும் சொல்லிக்கலாம்."

"பயந்துட்டியா? எனக்கு வேலை போயிடும்னு பயந்து இப்படிப் பண்ணினியா?"

தம்பி கையிலிருந்த வெள்ளைத் தூளைத் தட்டினான். "அதுக்காக இல்லக்கா" என்றான். "வேலை போனாப் போகுது. நான் சோறு போடமாட்டேனா. எனக்கு இது வேற."

"என்ன வேற?"

"நீ அழுது நான் பாக்கல. அன்னிக்கும் அழல. இத்தனை வருஷத்துல ஒரு நாள் அழல. தூங்கும்போதுகூட உன் தாடை இறுகியே கிடக்கு. நானும் பாத்துக்கிட்டேதானே இருக்கேன். ஒரு நாளாவது நீ தலையைக் குனிஞ்சு, போதும் சாமி, உன் இஷ்டம்னு விட்டுட மாட்டியான்னு இருக்கு. நீ விடல. மண்ணாவது விடட்டும்னு நெனச்சேன்." அவன் குரல் உடைந்தது. "குனிஞ்சதும் பாரு, எவ்வளவு நிம்மதியா இருக்கு அந்த முகம். உனக்கு அந்த நிம்மதி வரக் கூடாதா?"

அக்கா கேட்டுக்கொண்டாள். தம்பிமேல் அவளுக்குக் கோபம் வரவில்லை. அவன் நெஞ்சில் இவ்வளவு இருந்தது என்று அவளுக்கு இப்போதுதான் தெரிந்தது. வாளியைக் கவிழ்த்தாள். பிடித்த தண்ணீரெல்லாம் பட்டறைத் தரையில் ஓடியது. கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்தாள்.

"நான் சொல்றதக் கேளுடா. நம்ம தெருவுல வாட்டர் டேங்க்காரன் வரலேன்னா நீ என்ன பண்ணுவ? போன் போடுவ. எடுக்கலேன்னா மறுபடி போடுவ. அவன் ஆளே இல்லேன்னு தெரிஞ்சா போடுவியா?"

"மாட்டேன்."

"அவ்வளவுதான். நான் இன்னும் போட்டுக்கிட்டிருக்கேன். எடுப்பான்னு இருக்கறதாலதான் போடறேன். நம்பிக்கை இல்லாதவ மேல பாத்துக் கேப்பாளா? தலையைக் குனிஞ்சுட்டா கேள்வி முடிஞ்சுது. எம்பொண்ணு போனது சரின்னு ஆயிடும். சரின்னு நான் சொல்லமாட்டேன். எங்கிட்ட சரின்னு சொல்ல வைக்க அவராலயும் முடியாது. அவரு பதில் சொல்லட்டும். நல்ல பதிலா இருந்தா நானே விழுந்து கும்பிடறேன். அதுவரைக்கும் இந்தக் கழுத்து இப்படித்தான்."

"பதிலே வரலேன்னா?"

"கேட்டுக்கிட்டே செத்துப்போவேன். அதுவும் ஒரு பொழப்புதான்."

சொல்லிவிட்டு எழுந்தாள். ஈரக் கையை இடுப்பில் துடைத்துக்கொண்டாள். சிலையின் முன்னால் போய் நின்று, குனிந்திருந்த தலையின் தாடைக்குக் கீழே இரண்டு கட்டைவிரலையும் கொடுத்தாள். நனைந்த கம்பளியை அலசுத் தொட்டியிலிருந்து தூக்குவது எப்படியோ அப்படித் தூக்கினாள்.

"அக்கா, விடு. மண் கூழா இருக்கு, கிழிஞ்சிடும்" என்று தம்பி ஓடிவந்தான்.

கிழிந்தது. தொண்டையில் தம்பி வழித்துப் பூசிய மண் இழுபட்டு நரம்பு நரம்பாகப் பிரிந்தது. பிடரியில் மண் மடிப்பு மடிப்பாகச் சுருண்டது. மூடியிருந்த இமை ஒன்று பாதி திறந்தது, மற்றது முழுக்கத் திறந்தது. அக்காவின் கட்டைவிரல்கள் தாடைக்குள் முதல் கணு வரை புதைந்தன. தலை பழைய இடத்தில் நிற்காமல் அதையும் தாண்டி மேலே போனது. கையை எடுத்தபோது குழியாக இரண்டு தடம் விழுந்திருந்தன.

தம்பி தலையில் கைவைத்துக்கொண்டு பிளாஸ்டர் மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டான். "வெண்ணெய் திரண்டு வரும்போது தாழியை உடைச்சிட்டியே" என்றான்.

மண்ணுக்காரி கல்பொடி மூட்டையோடு வந்து இறங்கினாள். பட்டறைத் தரையெல்லாம் தண்ணீர். அக்கா கையெல்லாம் மண். புருஷன் முகமெல்லாம் வெள்ளைத் தூள், அதில் கண்ணீர் ஓடிய கோடு. அவள் மூட்டையைக் கீழே போட்டாள். சிலையைப் பார்த்தாள்.

"யாரு தலையைக் குனிய வெச்சது?"

"நான்" என்றான் தம்பி.

"யாரு நிமித்தினது?"

"நான்தான்டி. கெடுத்துட்டேன். திட்டறதுன்னா திட்டிக்கோ" என்றாள் அக்கா.

மண்ணுக்காரி சிலையை ஒரு சுற்றுச் சுற்றினாள். கிழிந்த தொண்டையைப் பார்த்தாள். கட்டைவிரல் குழிக்கு முன்னால் நின்றாள். சரிசெய்ய விரலைக் கொண்டுபோனவள் தொடாமல் திரும்ப எடுத்துக்கொண்டாள். "நான் வெச்ச கழுத்து சும்மா நிமிந்துதான் இருந்துச்சு" என்றாள் மெதுவாக. "இது யாரோ குனிய வெச்சு, அதுக்கப்புறம் நிமிந்த கழுத்து. இது எனக்கு வராது அண்ணி. எத்தனை நாள் உக்காந்தாலும் வராது."

பிறகு புருஷனிடம் திரும்பினாள். "பிளாஸ்டர் கலக்குங்க."

இந்த அச்சை ஒரே தடவைதான் எடுக்க முடியும். அச்சைப் பிரிக்கும்போது உள்ளே இருக்கிற மண் உருவம் சிதைந்துபோகும். பூசிவிட்டால் பிறகு யார் நினைத்தாலும் தலையை ஏற்றவும் முடியாது, இறக்கவும் முடியாது. பிளாஸ்டரைத் தண்ணீரில் தூவுகிற பதம் அந்த வீட்டில் தம்பி கைக்கு மட்டுமே வரும். அவன் முடியாது என்று உட்கார்ந்துவிட்டால் கதை அதோடு முடிந்தது. இரண்டு பெண்களும் அவனைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அவன் பிடித்துவைத்த பிள்ளையாராகவே இருந்தான். அப்புறம் முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டு எழுந்தான்.

"நீலம் எங்கக்கா?" என்றான்.

துணிக்குப் போடுகிற நீலம்தான். முதல் பூச்சில் அதைக் கொஞ்சம் கலப்பார்கள். கடைசியில் உளியால் அச்சை உடைக்கும்போது நீலம் தெரிந்தால் உருவம் கிட்டே வந்துவிட்டது, அடி மெல்ல விழவேண்டும் என்று பொருள். அக்கா சலவைக் கூடத்திலிருந்து கொண்டுவந்த பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தாள். தம்பி தொட்டியில் தண்ணீரை நீலமாக்கி, பிளாஸ்டரைக் கை கையாக அள்ளித் தூவி, குமிழி வராமல் அடியிலிருந்து கலக்கினான். வழக்கமாகக் காலிலிருந்துதான் பூச ஆரம்பிப்பான். அன்று முதல் கை அள்ளித் தலையில் வீசினான். நீலம் கண்ணிலும் தாடையிலும் கட்டைவிரல் குழியிலும் போய் நிறைந்தது.

"இப்ப சந்தோஷமா?" என்றான் அக்காவிடம்.

"தொண்டையில விட்டுட்ட பாரு, அங்க இன்னும் கொஞ்சம் போடு" என்றாள் அக்கா.

வார்ப்பு நன்றாக வந்தது. சாம்பல் நிறச் சிமென்டில் அவள் உட்கார்ந்திருந்தாள். தாடைக்குக் கீழே அந்த இரண்டு குழியில் மட்டும் அச்சின் நீலம் ஒட்டிக்கொண்டு நின்றது. தம்பி பிரஷ் வைத்துத் தேய்த்துப் பார்த்துவிட்டு விட்டுவிட்டான்.

ஆஸ்பத்திரியில் கொண்டுபோய் இறக்கிய அன்று செயலாளர் நின்று பார்த்தார். அவர் முகத்தில் இருந்தது கோபமில்லை. ஏமாற்றம். தம்பிக்கு அதுதான் கஷ்டமாக இருந்தது.

"நான் பாத்தது வேற இல்லையா?" என்றார்.

"ஆமா சார். நான் அன்னிக்கு உங்களுக்குக் காட்டினது தப்பு. அது எங்க அக்கா இல்ல" என்றான் தம்பி. தலையைக் குனியாமல் சொன்னான். மண்ணுக்காரி அவனைத் திரும்பிப் பார்த்தாள்.

கமிட்டி கூடி முடிவெடுக்கும் வரை சிலையை யாரும் பார்க்கவேண்டாம் என்று செயலாளர் சொன்னார். வார்டிலிருந்து வெள்ளை விரிப்பு ஒன்றைக் கொண்டுவரச் சொல்லித் தலையோடு கால் மூடச் சொன்னார். மூடினார்கள். மண்ணுக்காரி வெளியே வந்தாள். வாசலில் வந்துதான் அழுதாள்.

மறுநாள் காலை ஷிப்டுக்கு வந்த அக்கா துணி வண்டியைத் தள்ளிக்கொண்டு வார்டு வார்டாகப் போனாள். வண்டி வழக்கமாகப் போகாத பிரார்த்தனை அறைக் கதவையும் திறந்தாள். சிலைமேல் கிடந்த விரிப்பை உருவி வண்டியில் போட்டாள்.

செயலாளருக்கு ஆள் போயிற்று. வந்தார். "யாரைக் கேட்டும்மா எடுத்தீங்க?"

"யாரைக் கேக்கணும் சார்? ஒரு நாள் விரிச்ச துணி மறுநாள் சலவைக்கு வரணும். அது இந்த ஆஸ்பத்திரி சட்டம். சட்டத்த நான் மீற முடியுமா?"

வேறு விரிப்புப் போட்டார்கள். மறுநாள் அதுவும் சலவைக்குப் போனது. அக்காவுக்கு விடுமுறை வந்த நாளில் சலவைக் கூடத்தின் வேறொருத்தி வந்து எடுத்தாள். அதற்கடுத்த நாள் இன்னொருத்தி. யாரும் யாருக்கும் சொல்லி வைக்கவில்லை. சொல்லி வைக்கிற அளவுக்கு அது பெரிய விஷயமாக அவர்களுக்குத் தோன்றவில்லை. அழுக்குத் துணி, எடுத்தார்கள். பொறுத்துப் பார்த்த செயலாளர் கடைசியில் தன் வீட்டிலிருந்தே ஒரு ஜமுக்காளத்தைக் கொண்டுவந்தார்.

அக்கா அதை விரித்துப் பார்த்தாள். "வீட்டுத் துணியா சார்? பரவாயில்ல, இதையும் துவைச்சே குடுத்துடறேன்" என்று மடித்து வண்டியில் வைத்தாள். சொன்னபடியே துவைத்து, தேய்த்து, மணக்க மணக்க அவர் மேஜையில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தாள். அதற்குப் பிறகு அவர் துணி கொண்டுவரவில்லை. கமிட்டி இன்னும் முடிவெடுக்கவில்லை என்றுதான் கேள்வி. மார்பிள் சிறகும் வரவில்லை.

ஒரு நாள் மத்தியானம் அக்கா வாளியோடு அந்த அறைக்குப் போனாள். நாற்காலிகள் எல்லாம் காலியாக இருக்க, ஒரு பெண் சுவரோடு ஒட்டி நின்றுகொண்டிருந்தாள். கையில் மருந்துச் சீட்டும் ஒரு சின்னப் பையனின் சட்டையும் இருந்தன. சட்டையைக் கசக்கிக் கசக்கி உருண்டையாக்கியிருந்தாள். சிலையையே பார்த்துக்கொண்டிருந்தவள் அக்காவைப் பார்த்ததும் திடுக்கிட்டாள். தாடையைப் பார்த்தாள். சிலையின் தாடையைப் பார்த்தாள்.

"இவங்க யாரைப் பாத்துட்டிருக்காங்கக்கா?" என்றாள்.

"பதில் சொல்ல வேண்டியவர."

"சொன்னாரா?"

"இன்னும் இல்ல."

அந்தப் பெண் சட்டையை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டாள். "அப்படியெல்லாம் கேக்கலாமா? கோவிச்சுக்கிட்டார்னா? எம்புள்ள உள்ள இருக்கான்க்கா."

"கோவிச்சுக்கிட்டாலும் இந்தப் பக்கம் திரும்பித்தானே ஆகணும்" என்றாள் அக்கா. "உம்புள்ள நல்லபடியா எழுந்து வருவான். நீ கேளு. குனியாம கேளு. நான் கூட இருக்கேன்."

தான் கொண்டுவந்த வாளியை அந்தப் பெண்ணுக்குக் கவிழ்த்துப் போட்டாள். பிறகு சலவைக் கூடத்துக்குப் போய் இன்னொரு வாளி எடுத்து வந்தாள்.